எட்டுச் சாக்கு சர்க்கார் வெளியீடு: யார் பெயரில் பதிவது, எப்படி அடுக்குவது?

கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஊரார் சேர்ந்து நடத்தும் நூலகம் உங்களுடையது. காலமான ஒரு வருவாய்த் துறை அதிகாரியின் வீட்டார் எட்டுச் சாக்கு அரசு வெளியீடுகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். தமிழ்நாடு பாதி, கேரளம் பாதி, அடிச்சாக்கில் திருவிதாங்கூர் காலத்துக் காகிதம். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் ட்யூயி முறையில் எண் போட உட்கார்ந்தீர்கள். முப்பது புத்தகம் தாண்டுவதற்குள் எல்லாம் 351, 352 என்று பொது நிர்வாகத்துக்குரிய ஒரே இடத்தில் போய்க் குவிகின்றன. ஆசிரியர் பெயர் என்று எதிலும் ஒன்றும் இல்லை. மாநில அரசு வெளியீடுகளுக்குச் சரியான பகுப்பெண் எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்டது எண்தான். ஆனால் உங்களுக்கு வேண்டியது வேறு என்று நினைக்கிறேன். நாளை ஒருவர் வந்து, கல்குளம் தாலுகாவைப் பற்றி 1956க்கு முந்திய அறிக்கை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால், நீங்கள் எழுந்து போய் அதன்மேல் கையை வைக்க வேண்டும். அதற்கு முதலில் ஒவ்வொரு வெளியீடும் யாருடையது என்று முடிவாக வேண்டும். எண் அதற்குப் பிறகு வருகிற சங்கதி. குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். இரு மாநில வெளியீடுகளும் எங்களுக்கு வந்துகொண்டிருந்தன. இரண்டு முறை தப்பாக அடுக்கி, மூன்றாம் முறைதான் ஓரளவு சரியாக அடுக்கினேன்.

முதலில் சாக்கைப் பிரிக்கும்போதே ஒரு வேலை இருக்கிறது. வருவாய்த் துறைக்காரர் வீட்டிலிருந்து வந்தவை என்கிறீர்கள். அப்படியானால் அச்சிட்ட வெளியீடுகளோடு அலுவலகக் கோப்புகளும் கலந்திருக்கும். கோப்பு எண், குறிப்பு எழுதிய பச்சைத் தாள், கையொப்பம், முத்திரை என்று எதைக் கண்டாலும் அதைத் தனியே வைத்துவிடுங்கள். அது நூலகப் பொருள் இல்லை. பலருக்கென்று அச்சிட்டு வெளியிட்டது வெளியீடு. ஒரு காரியத்தை நடத்துவதற்காக அலுவலகத்தில் ஒரே ஒரு படியாக உருவானது ஆவணம். ஆவணத்துக்குப் பகுப்பெண் போட்டு அலமாரியில் ஏற்றினால், அது எந்தக் கோப்புக்கட்டில் எதற்கு அடுத்து இருந்தது என்ற தகவல் அழிந்துபோகும். தாலுகா அலுவலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ கேட்டு முடிவு செய்யும் வரை கட்டை அவிழ்க்காமல் இருப்பதே நல்லது.

இனி ஆசிரியர் விஷயம். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஓர் அரசுத் துறை தன் நிர்வாகத்தைப் பற்றித் தானே வெளியிட்ட அறிக்கைக்கு அந்தத் துறைதான் ஆசிரியர். 1934இல் நூலக அறிஞர் ரங்கநாதன் எழுதிய பட்டியலாக்க விதிகளும், 1978இல் வந்த ஆங்கிலோ-அமெரிக்க விதிகளின் இரண்டாம் பதிப்பும், அதன் இடத்துக்கு வந்து இப்போது நடப்பில் உள்ள ஆர்.டி.ஏ. என்ற பட்டியலாக்க விதிகளும் சொல்லும் முறை வேறானாலும் இதில் ஒத்துப்போகின்றன. முதலில் ஆட்சிப்பகுதியின் பெயர், பிறகு துறையின் பெயர்: 'தமிழ்நாடு. நிதித் துறை', 'கேரளம். நிதித் துறை' என்று. 'தமிழ்நாடு அரசு' என்றோ 'கவர்ன்மென்ட் ஆஃப் கேரளா' என்றோ தொடங்க வேண்டாம். அப்படித் தொடங்கிய எங்கள் பழைய அட்டைப்பெட்டியில் 'க' வரிசை ஒன்றே மூன்று இழுப்பறையை அடைத்துக்கொண்டிருந்தது.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையோடு வைக்கிற கொள்கை விளக்கக் குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் அமைச்சர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து அமைச்சரையே ஆசிரியராக்கிவிடுவார்கள். அமைச்சர் மாறுவார், குறிப்பு ஆண்டுதோறும் வரும். பத்து ஆண்டுக் குறிப்பு நான்கு பெயரில் சிதறிக் கிடக்கும். துறையின் பெயரில் பதியுங்கள். அமைச்சர் பெயரைத் தேட வசதியாகக் கூடுதல் பதிவாக வேண்டுமானால் கொடுக்கலாம்.

ஆனால் அரசு வெளியிட்டது எல்லாமே அரசின் பெயரில் போகாது. 1906இல் வந்த நாகம் அய்யாவின் 'டிராவன்கூர் ஸ்டேட் மானுவல்' சர்க்கார் வெளியீடுதான். ஆனால் அது ஒரு துறை தன் வேலையைச் சொல்கிற அறிக்கை அல்ல, ஒருவர் எழுதிய நாட்டு வரலாறு. முகப்பிலும் அவர் பெயர் இருக்கிறது. எனவே ஆசிரியர் நாகம் அய்யா. 1940இல் அதே தலைப்பில் வேலுப்பிள்ளை எழுதிய நான்கு தொகுதிகளும் அப்படியே. உங்கள் சாக்கில் இவை இருந்தால் பொதுநூல்களோடு வரலாற்று அலமாரியில் வைப்பேன். குழு அறிக்கை, ஆணைய அறிக்கை என்றால் அந்தக் குழுவே ஆசிரியர். ஆனால் மக்கள் குழுவைத் தலைவர் பெயரால்தான் கேட்பார்கள். 'மாநிலச் சீரமைப்பு ஆணையம்' என்று ஒருவரும் கேட்கமாட்டார், 'பசல் அலி ரிப்போர்ட்' என்பார்கள். தலைவர் பெயரிலிருந்து குழுவின் பெயருக்குக் கை காட்டும் ஒரு 'பார்க்க' அட்டை கட்டாயம் வேண்டும்.

நம் எல்லைப்புறத்துக்கே உரிய தலைவலி பெயர் மாற்றம். உங்கள் நூலகம் நிற்கிற மண் திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தது. 1949 ஜூலை 1 முதல் திருவிதாங்கூர்-கொச்சி. 1956 நவம்பர் 1 முதல் சென்னை மாநிலம். 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு. எல்லைக்கு அப்பால் பாறசாலையில் அதே 1956இல் கேரளம். விதி தெளிவானது: வெளியீடு வந்த நாளில் அந்த அரசுக்கு என்ன பெயரோ அந்தப் பெயரில் பதிய வேண்டும். 1952இல் வந்ததைக் 'கேரளம்' என்று பதிவது தவறு. அன்று கேரளம் என்ற மாநிலம் இல்லை. 1960இல் சென்னையிலிருந்து வந்ததைத் 'தமிழ்நாடு' என்று பதிவதும் தவறு. ஒரு பெயரிலிருந்து அடுத்த பெயருக்கு 'மேலும் பார்க்க' என்று இருபுறமும் கை காட்டிவிட வேண்டும். கோஹா போன்ற நூலக மென்பொருள் வைத்திருந்தால், தொடர் வெளியீடுகளுக்கு மார்க் என்ற கணினிப் பட்டியல் பதிவில் 780, 785 என்ற இரண்டு புலங்கள் இதற்காகவே இருக்கின்றன. முன்னது பழைய தலைப்பைக் காட்டும், பின்னது அடுத்து வந்த தலைப்பைக் காட்டும். துறைப் பெயர்களுக்கும் இதே விதி. கல்வித் துறை பள்ளிக் கல்வி, உயர் கல்வி என்று பிரிந்தது; வருவாய்த் துறை பேரிடர் மேலாண்மையையும் பெயரில் சேர்த்துக்கொண்டது. 1980இல் கலைக்கப்பட்ட வருவாய் வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் உங்கள் சாக்கில் நிச்சயம் இருக்கும். அவற்றை வருவாய்த் துறையின் பெயரில் தள்ளிவிடாதீர்கள். வாரியம் வேறு, துறை வேறு.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். வெளியிட்டது யார் என்பது ஒன்று, எந்த இடத்தைப் பற்றியது என்பது வேறொன்று. பேச்சிப்பாறை அணையைக் கட்டி முடித்தது திருவிதாங்கூர் அரசு, 1906இல். கோதையாற்றுப் பாசனம் பற்றி அந்த அரசின் பொதுப்பணித் துறை வெளியிட்ட அறிக்கைக்கு ஆசிரியர் தலைப்பு திருவிதாங்கூர்தான். பொருள் தலைப்பில் இடத்தின் பெயர் 'கன்னியாகுமரி மாவட்டம், தமிழ்நாடு' என்று வரும். இரண்டையும் ஒன்றாக்கினால், இன்றைக்குத் தண்ணீர்ப் பிரச்சினைக்காகத் தேடி வருகிற விவசாயிக்கு அது அகப்படாது. மக்கள்தொகைக் கணக்கும் இப்படித்தான். 1951இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும் திருவனந்தபுரம் மாவட்டத் தாலுகாக்கள். அந்த ஆண்டுக் கணக்கு திருவிதாங்கூர்-கொச்சித் தொகுதியில் இருக்கும், 1961இன் கணக்கு சென்னைத் தொகுதியில் இருக்கும். பட்டியல் சொல்லாவிட்டால் 1951 தொகுதியைத் தேடி யாரும் கேரள அலமாரிக்குப் போகமாட்டார்.

ஆண்டு போடுவதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். அட்டைகளைக் கணினிக்கு மாற்றிய காலத்தில், திருவிதாங்கூர் நிர்வாக அறிக்கை ஒன்றின் முகப்பில் 1112 என்று இருந்ததை அப்படியே ஆண்டுப் புலத்தில் தட்டிவிட்டேன். கணினி அதை நூலகத்திலேயே மிகப் பழைய நூலாக வரிசையின் தலையில் கொண்டுபோய் வைத்தது. முதலாம் குலோத்துங்கன் ஆட்சியில் அச்சுக்கூடம் இருந்ததா சார் என்று ஒரு வரலாற்று மாணவன் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அது கொல்லம் ஆண்டு. திருவிதாங்கூரில் ஆவணி முதல் நாள் பிறந்து ஆடிக் கடைசியில் முடியும். ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824ஐயும், ஜனவரி முதல் ஆடி வரை 825ஐயும் கூட்டினால் நம் ஆண்டு வரும். 1112 துலாம் (நம் ஐப்பசி) 27 என்றால் 1936 நவம்பர் 12, திருவிதாங்கூர்க் கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிட்ட ஆலயப் பிரவேச விளம்பரம் வந்த நாள். மாதம் தெரியாமல் ஆண்டு மட்டும் இருந்தால் உள்ளதை உள்ளபடி எழுதி, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் 1936-37 என்று சேர்த்து எழுதுங்கள். சென்னை மாகாணத்து வருவாய்க் காகிதத்தில் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டு இருக்கும். அது ஜூலை 1இல் பிறக்கும். பிறக்கும் ஆண்டைக் காண 590ஐக் கூட்ட வேண்டும். பசலி 1366 என்பது 1956 ஜூலை முதல் 1957 ஜூன் வரை. 1956 நவம்பருக்கு முன்னால் நம் தாலுகாக்களில் கொல்லம், பின்னால் பசலி. ஆகவே ஒரே கிராமத்தின் அடுத்தடுத்த இரண்டு காகிதங்களில் 1132 என்றும் 1366 என்றும் பார்த்தால் திகைக்க வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்ட எண்ணுக்கு வருகிறேன். இரண்டு வழி உண்டு. பொருள்வாரியாகப் பிரித்துப் பொதுநூல்களோடு கலப்பது ஒன்று. வெளியிட்ட அரசு, துறை என்ற வரிசையில் தனியாக அடுக்குவது மற்றொன்று. அமெரிக்காவில் அரசு வெளியீடுகளுக்கென்று 1895க்குப் பிறகு உருவாக்கிய 'சூடாக்ஸ்' முறை இரண்டாவது வகை: வேளாண் துறைக்கு ஒரு எழுத்து, வணிகத் துறைக்கு ஒரு எழுத்து, துறைக்குள் அலுவலகம், அதற்குள் தொடர், அதற்குள் எண். அங்குள்ள மாநில நூலகங்கள் சிலவும் தங்கள் மாநில வெளியீடுகளுக்கு இதே போக்கில் சொந்த முறை வைத்திருக்கின்றன. அதற்கும் குறை உண்டு. 1940இல் வானிலை அலுவலகம் வேளாண் துறையிலிருந்து வணிகத் துறைக்குப் போனதும், ஏ 29 ஆக இருந்தது சி 30 ஆகி, ஒரே தொடர் இரண்டு இடத்தில் உட்கார்ந்தது. பொருள்வாரி முறை மட்டும் நிலையானது என்று நினைத்துவிடாதீர்கள். ட்யூயியின் 21ஆம் பதிப்பு 1996இல் வந்தபோது 351 முதல் 354 வரை பொது நிர்வாகப் பகுதியையே புரட்டிப்போட்டார்கள். 354.54 என்றால் இந்திய நிர்வாகம் என்று நாங்கள் முதுகில் எழுதி ஒட்டிய புத்தகங்களின் எண், அதற்குப் பிறகு பொருளாதார, சுற்றுச்சூழல் நிர்வாகத்தின் பக்கம் போய்விட்டது. மறுபடி எழுத ஆளில்லாமல் அப்படியே விட்டோம். இன்னும் அப்படியே இருக்கும்.

என் தீர்ப்பு இது: உங்களைப் போன்ற ஒற்றை ஆள் நூலகத்துக்கு அரசு, துறை வரிசைதான் சரி. அரசு வெளியீட்டில் முக்கால்வாசி ஆண்டுதோறும் ஒரே பெயரில் வருகிற தொடர். வரிசை கலையாமல் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. பொருளைப் பட்டியல் பார்த்துக்கொள்ளட்டும். குறியீட்டை எளிதாக வையுங்கள். 'கே–நிதி–வ–2018' என்றால் கேரளம், நிதித் துறை, வரவு செலவுத் திட்டம், ஆண்டு. தனி நூல் போன்றவற்றை, அதாவது மாவட்ட விவரச்சுவடி, கலை பண்பாடு பற்றிய வெளியீடு, ஸ்டேட் மானுவல் ஆகியவற்றை, ட்யூயியில் போடுங்கள். அங்கே தமிழ்நாட்டின் இட எண் 5482, கேரளத்துக்கு 5483. வரலாறு என்றால் 954.82, 954.83. ஸ்டேட் மானுவலுக்கு 954.83 போட்டாலும், தமிழ்நாட்டு வரலாற்றைத் தேடுபவருக்கும் தெரியும்படி பட்டியலில் குமரி மாவட்டத்தைக் கூடுதல் பொருள் தலைப்பாகக் கொடுத்துவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் உறுதியாகச் சொல்ல எனக்குத் தயக்கம். பட்டியலில் திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி, கேரளம் மூன்றும் மூன்று பெயர், அதில் விவாதமில்லை. அலமாரியில் மூன்றையும் பிரிப்பதா, ஒரே ஓட்டமாக வைப்பதா? நான் இரண்டும் செய்து பார்த்தவன். பிரித்து வைத்தால் ஆராய்ச்சியாளருக்கு வசதி. சேர்த்து வைத்தால் வக்கீல் குமாஸ்தாவுக்கு வசதி. நம் பக்கத்து நில வழக்குகளில் திருவிதாங்கூர்ச் சட்டமும், 1957இன் மாற்றப்பட்ட பகுதிகளுக்கான சட்ட நீட்டிப்புச் சட்டமும் இன்னும் பேச்சில் வரும் என்பதால் எனக்கு வந்தவர்களில் குமாஸ்தாக்களே அதிகம், சேர்த்து வைத்தேன். சென்னை மாநிலத்தையும் தமிழ்நாட்டையும் பிரிக்க வேண்டியதே இல்லை. அங்கே பெயர்தான் மாறியது.

அரசாணைகளுக்கு வருவோம். தமிழ்நாட்டில் அரசாணை எண் துறைக்குத் துறை தனியாக ஓடும், ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்கும். 'அரசாணை எண் 120' என்று மட்டும் எழுதினால் அது ஒரு டஜன் ஆணைகளுக்குப் பொருந்தும். வகை, எண், துறை, நாள் நான்கும் இருந்தால்தான் அது ஒரு பதிவு. வகையைக் காட்ட எண்ணோடு வரும் எம்.எஸ். என்பது 'மேனுஸ்கிரிப்ட்' என்பதன் சுருக்கம். அதைப் பார்த்துக் 'கையெழுத்துப் பிரதி' என்று குறிப்பெழுதிவிடாதீர்கள், அது நிலையான ஆணைகளின் வரிசை. ஆர்.டி. என்பது வாடிக்கையான, தனிப்பட்ட ஆணை. கேரளத்தில் இவற்றோடு பி. என்ற அச்சு வரிசையும் உண்டு. எண்ணிலேயே ஆண்டும் துறைச் சுருக்கமும் வந்துவிடும். அந்த வகையில் மலையாளத்தார் நம் வேலையைக் குறைத்திருக்கிறார்கள். ஆணைகளை ஒவ்வொன்றாக நூல்போல் பதிய வேண்டாம். துறைவாரியாகப் பெட்டியில் நாள் வரிசையில் வைத்து, பெட்டிக்கு ஒரு பதிவும் உள்ளே ஒரு கைப்பட்டியலும் போதும்.

அரசிதழும் அப்படியே. ஒரே பதிவு, அதன்கீழ் உங்களிடம் எந்தெந்த இதழ் இருக்கிறது என்ற இருப்புக் குறிப்பு. இல்லாத இதழ்களையும் எழுதி வையுங்கள். வந்தவரைக் காக்கவைக்காமல் அனுப்ப அது உதவும். சிறப்பிதழ்களுக்குத் தனி எண் ஓடுகிறது, வார இதழோடு சேர்த்து பைண்டு செய்யக் கொடுக்காதீர்கள். நாங்கள் கொடுத்தோம். பைண்டர் தாளின் அளவைப் பார்த்து அடுக்கிவிட்டார். பணி நியமன அறிவிப்பு தேடி வந்த ஓய்வூதியர் ஒருவர் இரண்டு நாள் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். மூன்றாம் நாள் கிடைத்தது.

மாநில வெளியீடு போலத் தோன்றி ஏமாற்றுபவை இரண்டு. ஒன்று மேலே சொன்ன மக்கள்தொகைக் கணக்கு: அட்டையில் மாநிலத்தின் பெயர் இருந்தாலும் கணக்கெடுப்பு மத்திய அரசின் வேலை. இன்னொன்று தணிக்கை அறிக்கை. அது ஆளுநரிடம் கொடுக்கப்பட்டுச் சட்டமன்றத்தில்தான் வைக்கப்படுகிறது. ஆனாலும் அதை எழுதுபவர் இந்தியாவின் கணக்கு மற்றும் தணிக்கைத் தலைவர். ஆசிரியர் தலைப்பு இந்தியா, பொருள் தலைப்பில் மாநிலம். படிக்க வருகிறவர் வரவு செலவுத் திட்டத்தோடு சேர்த்தே இதைக் கேட்பார் என்பதால், அடுக்கும்போது அதற்குப் பக்கத்தில் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை.

மலையாளத் தலைப்பை எப்படி எழுதுவது என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். முகப்பில் உள்ளபடி மலையாள எழுத்திலேயே எழுதுங்கள். மாற்றுத் தலைப்பாகத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துக் கொடுங்கள். மொழிபெயர்ப்பு வேண்டாம், உங்கள் மொழிபெயர்ப்பும் அடுத்து வருபவரின் மொழிபெயர்ப்பும் ஒன்றாக இராது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் அங்குள்ள தமிழரும் கன்னடரும் தங்கள் மொழியில் அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்த வழி செய்கிறது. தமிழில் அச்சான கேரளச் சுற்றறிக்கை ஏதேனும் சாக்கில் அகப்பட்டால் அதைக் கேரளத்தின் கீழேதான் வைக்க வேண்டும், மொழியைப் பார்த்துத் தமிழ்நாட்டுப் பக்கம் ஒதுக்கிவிடக் கூடாது. அதையும் நான் ஒருமுறை செய்திருக்கிறேன்.

இணையத்தில் மட்டும் வெளியாகிற அறிக்கைகளில் என் பழக்கம் குறைவு. நான் ஓய்வுபெறும் தறுவாயில்தான் அவை பெருகின. முகவரியை மட்டும் பதிவில் எழுதிவைத்த இடங்களில் பாதிக்கு மேல் பிறகு திறக்கவில்லை. அதனால் கோப்பையே இறக்கி வைத்துக்கொண்டு, இறக்கிய நாளையும் குறித்துவிடுங்கள் என்று மட்டும் சொல்வேன். இதைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இப்போது வேலையில் இருக்கிறார்கள்.

சாக்கை அவிழ்ப்பதற்கு முன்னால் ஒன்று. எட்டுச் சாக்குக்கும் எண் போடுங்கள். ஒவ்வொரு வெளியீட்டின் முகப்புக்குப் பின்பக்கத்திலும் மெல்லிய பென்சிலில் சாக்கு எண்ணையும் அதில் எத்தனையாவதாக வந்தது என்பதையும் எழுதுங்கள். பேனா வேண்டாம், ஒட்டுத்தாளும் வேண்டாம். அந்த அதிகாரி தாலுகாவாரியாகக் கட்டி வைத்திருந்தாரா, ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருந்தாரா என்பது மூன்றாவது சாக்கில் தெரிந்துவிடும். பெரும்பாலும் அவர் வைத்திருந்த வரிசையே உங்களுக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.